பென் பிரில்: ஒலிம்பிக் பதக்கம் இல்லாத ஒரு டச்சு அமெச்சூர் குத்துச்சண்டை வீரர்

ஆம்ஸ்டல் கரை:

போன வாரம் ஐரோப்பியக் குத்துச்சண்டை பற்றிப் பேச்சு வந்தபோது நெதர்லாந்து என்றதும் எல்லாரும் பெப் வான் கிளாவரென் பெயரைத்தான் சொன்னீர்கள். சரிதான், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஃபெதர்வெயிட் தங்கம், அந்த நாட்டுக்குக் குத்துச்சண்டையில் இன்றுவரை கிடைத்த ஒரே தங்கம். ராட்டர்டாம் கறிக்கடையில் வேலை பார்த்த பையன், பிறகு தொழில்முறைக்குப் போய் 1931-இல் ஐரோப்பிய லைட்வெயிட் பட்டம், 1938-இல் மிடில்வெயிட் பட்டம் என்று 48 வயது வரை ரிங்கை விடாத மனுஷன். அவரைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது, ராட்டர்டாமில் அவருக்குச் சிலையும் இருக்கிறது.

நான் இந்த இழையைத் தொடங்குவது அதே 1928 அணியில் இருந்த இன்னொரு பையனுக்காக. பாரெண்ட் பிரில், எல்லாரும் பென் என்றுதான் கூப்பிட்டார்கள். 1912 ஜூலை 16-இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர், யூதக் குடும்பம், அப்பா மீன் வியாபாரி, வீடு நிறையப் பிள்ளைகள், கையில் காசில்லை. தெருச் சண்டையில் தொடங்கி ஜிம்முக்குப் போன கதைதான், அந்தக் காலத்து ஆம்ஸ்டர்டாம் யூதக் குடியிருப்பில் அப்படி நிறையப் பையன்கள் இருந்தார்கள். 15 வயதில் சொந்த ஊரில் நடந்த ஒலிம்பிக்கில் ஃப்ளைவெயிட்டில், அதாவது மிக லேசான எடைப் பிரிவில், இறங்கினார். ஒரு சண்டை ஜெயித்து, காலிறுதியில் தென்னாப்பிரிக்க வீரரிடம் தோற்றார். பிறகு நெதர்லாந்து சாம்பியன் பட்டத்தை எட்டு முறை ஜெயித்தார். 1935-இல் டெல் அவிவில் நடந்த மக்கபியா என்ற யூதர்களுக்கான சர்வதேச விளையாட்டில் தங்கம். ஆனால் 1928-க்குப் பிறகு ஒரு ஒலிம்பிக்கில்கூட அவர் சண்டையிடவில்லை.

எட்டு முறை தேசிய சாம்பியனான ஒருவருக்கு 16 வயதில் ஆடிய ஒரே ஒலிம்பிக்தான் மொத்தக் கணக்கு என்றால் நடுவில் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றும் இல்லையா? அதைத்தான் பேச விரும்புகிறேன். 1932-இல் அனுப்பவில்லை. 1936-இல் பெர்லினுக்கு அவரே போக மறுத்தார். 1940-இல் ஒலிம்பிக்கே இல்லை, நாட்டுக்குள் ஜெர்மன் ராணுவம் வந்துவிட்டது. 1944-இல் அவர் நாஜி முகாமில் இருந்தார். ஒரு குத்துச்சண்டை வீரனுடைய நல்ல வயது முழுக்க இப்படியே போனது.

எனக்குத் தெரிந்ததைக் கீழே கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை:

நல்ல இழை, ஆனால் முதல் பதிவிலேயே ஒரு இடறல் இருக்கிறது. பிறந்தது 1912 ஜூலை 16 என்கிறீர்கள். 1928 ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை நடந்தது ஆகஸ்ட் 7 முதல் 11 வரை. அப்படியென்றால் ரிங்கில் ஏறியபோது 16 முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கிறது. "15 வயதில் ஒலிம்பிக்" என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், யாரும் விரல்விட்டு எண்ணிப் பார்க்கவில்லை. நீங்களே அடுத்த பத்தியில் 16 என்று எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் நேராகவே கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலிறுதியில் தோற்றவர். அதே அணியில் பெப் தங்கம், காரெல் மில்யோன் லைட் ஹெவிவெயிட்டில் வெண்கலம். பின்னாளில் அர்னால்ட் வான்டர்லைட் 1984, 88, 92 என்று மூன்று ஒலிம்பிக்கிலும் வெண்கலம் வாங்கினார். இவர்களையெல்லாம் விட்டுவிட்டு பிரிலைப் பெரிய வீரர் என்று சொல்வதற்கு விளையாட்டுக் காரணம் இருக்கிறதா, அல்லது வாழ்க்கைக் கதை உருக்கமாக இருப்பதால் சொல்கிறோமா?

ஆம்ஸ்டல் கரை:

வயது விஷயம் முழுக்கச் சரி, என் தவறு. கேட்டதையே எழுதிவிட்டேன். ஆகஸ்டில் 16, அதற்கு முந்தைய மாதங்களில் தயாராகிக்கொண்டிருந்தபோது 15. நன்றி.

இரண்டாவது கேள்விக்கு ரிங்கில் ஏறிய ஆட்கள் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

இடதுகை ஜாப்:

கல்லூரிக் காலத்தில் நாலு வருஷம் அமெச்சூராகச் சண்டை போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். 16 வயதுப் பையன் ஒலிம்பிக்கில் ஃப்ளைவெயிட்டில் காலிறுதி வரை போவது சின்ன விஷயமே கிடையாது. அந்தக் கால ஃப்ளைவெயிட் எல்லை 50.8 கிலோ. எதிரே நிற்பவன் 22, 24 வயது ஆள், அதே எடைதான், ஆனால் எலும்பு முற்றியவன், தோளும் கழுத்தும் இறுகியவன். தராசில் இரண்டு பேரும் ஒன்று, குத்து விழும்போதுதான் வித்தியாசம் தெரியும். நான் 17 வயதில் முதல் மாவட்டப் போட்டிக்குப் போனபோது எதிராளிக்கு மீசை கெட்டியாக இருந்தது, அவன் ஜாப், அதாவது முன்கையால் விடும் நேர்க்குத்து, என் கையுறை மேல் பட்டதற்கே என் முழங்கை பின்னால் போனது. பெயர்கூட மறந்துவிட்டது, அந்த அடி மறக்கவில்லை.

அப்புறம் அமெச்சூர் சண்டை என்பது மூன்று ரவுண்டு, ஒன்பது நிமிஷம், அவ்வளவுதான். தொழில்முறையில் மாதிரி நாலு ரவுண்டு எதிராளியைப் படித்துவிட்டு ஐந்தாவதில் ஆரம்பிக்கலாம் என்ற கதை இங்கே நடக்காது. மணி அடித்த நொடியிலிருந்து ஓட்டம். ஒலிம்பிக் என்றால் நாலைந்து நாளில் திரும்பத் திரும்ப ஏற வேண்டும், ஒவ்வொரு முறையும் எடை பார்க்க வேண்டும். எடை பார்க்கும் அந்தக் காலை நேரம் இருக்கிறதே, தண்ணீர் குடிக்காமல், எச்சிலைத் துப்பித் துப்பி, மேல் சட்டையையும் கழற்றிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசில் நிற்பது. வளர்கிற பையனுக்கு இது இரட்டைத் தண்டனை, உடம்பு மேலே இழுக்கும், தராசு கீழே இழுக்கும். வயது ஏற ஏற உடம்போடு சேர்ந்து மேல் பிரிவுகளுக்குப் போய்க்கொண்டே ஜெயிப்பது என்றால், ஒவ்வொரு முறையும் புது ஆட்களிடம், புது வேகத்திடம் முதலிலிருந்து கற்றுக்கொள்வது மாதிரி. எட்டு தேசியப் பட்டம் என்பதை அப்படித்தான் நான் படிக்கிறேன்.

கணக்கப்பிள்ளை அவர்களே, லேசான எடைக்காரனுக்கு உச்சம் 20 முதல் 26, 27 வரை. பிரிலுக்கு அது 1932 முதல் 1939. அந்த வயதில் அவர் ஒலிம்பிக் ரிங்கில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எந்தப் பட்டியலாலும் சொல்ல முடியாது. 16 வயதுப் பரீட்சை மார்க்கை வைத்து ஒருத்தர் வாழ்நாள் படிப்பை அளக்கலாமா?

பழைய பேப்பர்:

1932 பற்றி ஒரு வார்த்தை. அவர் யூதர் என்பதால்தான் அனுப்பவில்லை, தேர்வுக்குழுவில் நாஜிக் கட்சிக்காரர் இருந்தார் என்று பரவலாக எழுதுகிறார்கள். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும் என்பது என் கருத்து. டச்சு நாஜிக் கட்சி, அதாவது என்.எஸ்.பி., 1931 டிசம்பரில்தான் உட்ரெக்டில் ஆரம்பித்தது. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் 1932 ஜூலை 30-இல் தொடங்கியது. நடுவில் ஏழு எட்டு மாதம்தான். அந்தக் கட்சி அப்போது சின்னக் கூட்டம். அதே நேரம் உலகமே பொருளாதாரச் சரிவில் இருந்தது, கப்பலேறி, ரயிலேறி அமெரிக்காவின் மேற்குக் கரை வரை போக எந்த நாட்டிடமும் பணமில்லை. 1928-இல் 46 நாடுகள் வந்தன, 1932-இல் 37 நாடுகள்தான். நெதர்லாந்து அனுப்பியதும் சின்ன அணி.

இதனால் யூத வெறுப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. கட்சி தொடங்குவதற்கு முன்னாலேயே அந்த எண்ணம் கொண்டவர்கள் சங்கங்களிலும் குழுக்களிலும் உட்கார்ந்திருக்க முடியும், பிறகுதான் கட்சி அட்டை வாங்கியிருப்பார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான் நடந்தது. நான் சொல்வது இவ்வளவுதான்: 1932-இல் அவர் வேறொருவர் முடிவால் வீட்டில் இருந்தார், 1936-இல் தன் முடிவால் வீட்டில் இருந்தார். இரண்டும் ஒன்றில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரியது.

பெர்லினுக்குச் சில வருஷம் முன்னால் அவர் ஜெர்மனிக்குச் சண்டையிடப் போயிருக்கிறார். யூதர்களுக்கு அங்கே என்ன நடக்கிறது என்று நேரில் பார்த்துவிட்டு, ஹிட்லர் இருக்கும்வரை இந்த மண்ணில் கால் வைப்பதில்லை என்று முடிவெடுத்தவர். அப்போது அவருக்கு இருபத்திச் சொச்சம் வயது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இல்லை. ஒலிம்பிக் என்பது அந்த மாதிரிப் பையனுக்கு வாழ்க்கையை மாற்றக்கூடிய ஒரே வாசல். பெப் வாழ்க்கை அதற்குச் சாட்சி, தங்கத்துக்கு அடுத்த வருஷமே தொழில்முறை, அப்புறம் அமெரிக்கா.

மலர்விழி:

எனக்குக் குத்துச்சண்டை பிடிக்காது, என் மகனுக்காகத்தான் இந்தப் பகுதிக்கு வருவேன், ஆனால் இந்த இழையை மூடவே முடியவில்லை.

ஒரு சந்தேகம். அவர் போகாததால் பெர்லின் ஒலிம்பிக் நின்றுவிட்டதா? நெதர்லாந்து அணி போனது அல்லவா? தனி ஆள் ஒருவர் விலகி நின்றதால் என்ன பயன் என்று அந்தக் காலத்தில் அவரைக் கேட்டிருப்பார்களே. அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் விலகி நின்றவருக்குத்தான் நஷ்டம், மற்றவர்கள் பதக்கத்தோடு வந்திருப்பார்கள்.

பழைய பேப்பர்:

ஆமாம், நெதர்லாந்து போனது. 6 தங்கம், 4 வெள்ளி, 7 வெண்கலம், மொத்தம் 17 பதக்கம். நீச்சலில் ரீ மாஸ்டன்புருக் என்ற பெண் மட்டும் மூன்று தங்கம் வாங்கினார். நாடே கொண்டாடியது. நீங்கள் சொன்ன மாதிரி நஷ்டம் விலகியவர்களுக்குத்தான்.

ஆனால் பிரில் முழுக்கத் தனி ஆள் கிடையாது. டொலின் ஸ்ஹூர்மன் என்ற ஓட்டக்காரர், 1932-இல் 100 மீட்டரை 11.9 நொடியில் ஓடி உலக சாதனை வைத்தவர், அவரும் பெர்லினுக்குப் போக மறுத்தார். அந்த ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாமில் கலைஞர்கள் சேர்ந்து "சர்வாதிகாரத்தின் கீழ் ஒலிம்பியாட்" என்று ஒரு எதிர்ப்புக் கண்காட்சியே நடத்தினார்கள். டச்சு மொழியில் அந்தப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வரும் சொல்லுக்கு "சாவு" என்று அர்த்தம். 1936-லேயே அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். தெரியாமல் நடந்துவிட்டது என்று பின்னாளில் சொன்னவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆம்ஸ்டல் கரை:

மலர்விழி அக்கா, பயன் என்ன என்ற கேள்விக்கு எனக்கு நேர் பதில் இல்லை, ஆனால் 1928 அணியிலிருந்தே இன்னொன்று சொல்கிறேன், அதைப் படித்துவிட்டு நீங்களே பாருங்கள்.

அந்த ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகப் பெண்களுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் வைத்தார்கள். தங்கம் நெதர்லாந்து அணிக்கு. சொந்த ஊர், சொந்த மைதானம், ஜனங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய அணி. அதில் ஐந்து பேர் யூதப் பெண்கள்: ஹெலெனா நோர்ட்ஹைம், அன்னா போலக், யூடிக்கே சிமோன்ஸ், எஸ்டெல்லா அக்ஸ்டரிபே, எல்கா தெ லெவி. பயிற்சியாளர் கெரிட் க்ளேரகோப்பரும் யூதர். 1943-இல் நோர்ட்ஹைம், போலக், சிமோன்ஸ் மூவரும் சோபிபோர் என்ற நாஜிக் கொலைமுகாமில் கொல்லப்பட்டார்கள், பயிற்சியாளரும் அங்கேதான். அக்ஸ்டரிபே ஆஷ்விட்ஸில். பிள்ளைகளோடு போனார்கள். ஐவரில் பிழைத்தவர் எல்கா மட்டும்.

தங்கப் பதக்கம் அவர்களை ஒரு நாள்கூடக் காப்பாற்றவில்லை. பிரில் பெர்லினுக்குப் போய் பதக்கத்தோடு வந்திருந்தாலும் 1942-இல் அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்கள். அதனால் அவர் எதை இழந்தார் என்று கணக்குப் போடும்போது எனக்கு அந்தப் பதக்கம் பெரிதாகத் தெரியவில்லை. அவருக்கு எதிரில் வந்து நிற்பவனைக் கைகுலுக்கி ஏற்றுக்கொள்ளும் உரிமை இருந்தது, அதைத் தரமாட்டேன் என்றார். அவருடைய கையில் அப்போது இருந்தது அது ஒன்றுதான்.

கணக்கப்பிள்ளை:

ஜிம்னாஸ்டிக்ஸ் அணி விவரம் எனக்குத் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன்.

என் முதல் கேள்வியை நான் இன்னும் முழுசாக விடவில்லை, ஆனால் அதைக் கேட்ட விதம் சரியில்லை. மேலே சொல்லுங்கள்.

பழைய பேப்பர்:

ஆம்ஸ்டர்டாம் குத்துச்சண்டை ஜிம்கள் 1941-இல் என்ன செய்தன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும், பென் எந்த மாதிரிச் சூழலிலிருந்து வந்தவர் என்பதற்கு அதுதான் சரியான விளக்கம்.

1940 மே 10 ஜெர்மன் படை நுழைந்தது, 14-ஆம் தேதி ராட்டர்டாம் மேல் குண்டு போட்டார்கள், நெதர்லாந்து சரணடைந்தது. குளிர்காலத்தில் என்.எஸ்.பி.யின் சீருடைப் படை ஆம்ஸ்டர்டாம் யூதத் தெருக்களுக்குள் வந்து கடைகளை உடைப்பதும் ஆட்களை அடிப்பதுமாக இருந்தது. போலீஸ் எதுவும் செய்யவில்லை. அப்போது அந்தப் பகுதிப் பையன்கள் தாங்களே கூட்டம் சேர்த்தார்கள். மக்கபி என்ற ஜிம், அதை நடத்தியவர் யோவேல் கோஸ்மன், அங்கே பயிற்சி எடுத்த குத்துச்சண்டைக்காரர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், பக்கத்துத் தெருக்களிலிருந்து யூதர் அல்லாத தொழிலாளர்களும்கூட. 1941 பிப்ரவரி 11 இரவு வாட்டர்லூ சதுக்கத்தில் பெரிய மோதல். அதில் அடிபட்ட ஹென்ட்ரிக் கோட் என்ற கட்சிக்காரன் சில நாளில் செத்தான்.

பிப்ரவரி 22, 23 இரண்டு நாளும் ஜெர்மன் போலீஸ் தெருவை மறித்து 400-க்கும் மேற்பட்ட யூத இளைஞர்களைப் பிடித்தது. கையில் கிடைத்தவர்களை யோனாஸ் டேனியல் மெய்யர் சதுக்கத்தில் குந்தவைத்த படங்கள் இருக்கின்றன. புக்கன்வால்டு, மவுத்ஹவுசன் முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்களில் திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதைப் பார்த்துக் கொதித்துத்தான் 25-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது, டிராம் ஓடவில்லை, துறைமுகம் நின்றது. யூதர்கள் பிடிக்கப்பட்டதை எதிர்த்து ஒரு ஊரே வேலையை நிறுத்தி வெளியே வந்தது ஆக்கிரமிக்கப்பட்ட ஐரோப்பாவில் வேறெங்கும் அந்த அளவில் நடக்கவில்லை. அதே சதுக்கத்தில் இன்று துறைமுகத் தொழிலாளி சிலை நிற்கிறது, 1952-இல் வைத்தது. ஜிம் பையன்கள் வெறும் கை முஷ்டியில் தொடங்கிய எதிர்ப்பு அது.

இடதுகை ஜாப்:

ஜிம் என்றால் இதுதான். எங்கள் ஜிம்மில் கோச் முதல் நாளே சொன்னது, தெருவில் கை ஓங்கினால் இங்கே இடமில்லை என்று. அதே கோச் ஒரு முறை பக்கத்துத் தெருவில் குடித்துவிட்டு வந்தவன் ஒரு பெரியவரை அடித்தபோது எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய் நடுவில் நின்றார். யாரும் கை ஓங்கவில்லை, நின்றோம், அவன் போய்விட்டான். அந்த ஆம்ஸ்டர்டாம் பையன்கள் எதிரே நின்றது ஒரு அரசாங்கத்தையே. நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆம்ஸ்டல் கரை:

இப்போது பென் பற்றி எனக்கு நெஞ்சில் நிற்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் சண்டையிடும்போது அரைக்கால் சட்டையில் யூதர்களின் அடையாளமான ஆறு முனைத் தாவீது நட்சத்திரத்தைத் தைத்திருப்பார். அவரே விரும்பி வைத்தது. எதிராளியின் கண்ணுக்கு நேரே, கூட்டத்தின் கண்ணுக்கு நேரே, வெளிச்சத்துக்கு நடுவில். 1930-களில் ஐரோப்பாவில் யூதர்கள் பெயரை மாற்றிக்கொண்டும் ஒதுங்கியும் வாழ வேண்டிய நிலை வந்துகொண்டிருந்தபோது இந்த மீன்காரர் மகன் அதைத் தொடையில் போட்டுக்கொண்டு ரிங்கில் ஏறினார். 1941-இல் யூதர்கள் விளையாட்டுச் சங்கங்களில் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. 1942 மே மாதம் முதல் யூதர்கள் எல்லாரும் சட்டையில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும் என்றார்கள். அதே ஆறு முனை. ஒன்று அவர் தைத்தது, இன்னொன்று அவர்மேல் தைத்தது. இந்த இரண்டு துணித்துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தால் அவருடைய வாழ்க்கை முழுக்க அதற்குள் இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும்.

அவர் பிடிபட்டதும் ஒரு கொடுமை. 1928 அணியில் ஹெவிவெயிட்டில் சண்டையிட்ட சாம் ஓலெய் போர்க்காலத்தில் நாஜிகள் பக்கம் சேர்ந்து யூதர்களைப் பிடிக்கும் வேலைக்குப் போனார், மகன்களும் அப்படியே, அந்த மகன்களும் குத்துச்சண்டை வீரர்கள்தான். பென்னைக் கைது செய்ததில் அந்தக் குடும்பத்தின் கை இருந்தது. ஒரே நாட்டு உடையைப் போட்டுக்கொண்டு ஒலிம்பிக் போன ஆள். ஒரே அணிக்காரர்கள் ஒருவருக்கொருவர் கையுறைக்குள் சுற்றும் கைப்பட்டியைக் கட்டிவிடுவார்கள், இரண்டு கையில் ஒன்றுக்கு நீங்களே கட்டிக்கொள்ளலாம், மற்றதற்கு இன்னொருவர் வேண்டும். அதை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

மனைவி, சிறு மகன், பென் மூவரும் ஃபூக்ட், வெஸ்டர்போர்க், பெர்கன்-பெல்சன் என்று முகாம் முகாமாகப் போனார்கள். வெஸ்டர்போர்க் என்பது நெதர்லாந்துக்குள்ளேயே இருந்த இடைத்தங்கல் முகாம். அங்கிருந்து பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் கிழக்கே ரயில் போகும், முந்தின ராத்திரி பெயர் வாசிப்பார்கள். நெதர்லாந்திலிருந்து சுமார் 1,07,000 பேரை அப்படி ஏற்றினார்கள், திரும்பியது 5,000 பேர் அளவில்தான். பெர்கன்-பெல்சனில் ஒரு பகுதியில் பிடிபட்ட ஜெர்மானியர்களுக்கு மாற்றாகக் கொடுக்கலாம் என்று சில யூதக் குடும்பங்களை வைத்திருந்தார்கள், அங்கே போனவர்களுக்குப் பிழைக்க ஒரு சின்ன இடைவெளி இருந்தது, இவர்கள் மூவரும் பிழைத்தார்கள். அண்ணன் தம்பிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

ஃபூக்ட் முகாமில் நடந்ததாக அவரைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. தப்ப முயன்று பிடிபட்ட ஒரு கைதியை அடிக்கும்படி இவரிடம் சொன்னார்கள், குத்துச்சண்டைக்காரன் என்பதால்தான். இவர் மாட்டேன் என்றார். பெர்லினுக்கு மாட்டேன் என்றவர் முகாமிலும் மாட்டேன் என்றார். முகாமில் அந்தச் சொல்லுக்கு விலை உயிர்.

மலர்விழி:

அந்தக் கைப்பட்டி வரியைப் படித்துவிட்டு என் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பட்டி கட்டிக்கொள்ளும்போது ஒரு கைக்கு எப்போதும் பக்கத்துப் பையனிடம்தான் நீட்டுவான், பார்த்திருக்கிறேன்.

போருக்குப் பிறகு என்ன செய்தார்? மறுபடி ரிங்குக்கு வந்தாரா?

இடதுகை ஜாப்:

வந்தார், ஆனால் கையுறை இல்லாமல். நடுவராக. அந்தப் பகுதி எனக்குத் தெரியும், அதை நான் சொல்கிறேன்.

1945-இல் 33 வயது, முகாமிலிருந்து வந்த உடம்பு, இனிப் போட்டிச் சண்டை முடியாது. அமெச்சூர் குத்துச்சண்டை நடுவராகப் பெரிய பெயர் எடுத்தார், சர்வதேச அளவில், ஒலிம்பிக் ரிங் வரை. யோசித்துப் பாருங்கள், ஆட்டக்காரனாக இரண்டாம் முறை ஏற முடியாத மேடையில் வெள்ளைச் சட்டை போட்டு நடுவராக ஏறுகிறார்.

நடுவர் வேலையைப் பலரும் புள்ளி எண்ணும் வேலை என்று நினைக்கிறார்கள். ரிங்குக்குள் இருக்கிற நடுவர் பார்க்க வேண்டியது கண்ணைத்தான். குத்து வாங்கிய பையன் கை தூக்கி நிற்பான், கால் நிற்கும், ஆனால் கண் வேறெங்கோ இருக்கும். அந்த ஒரு நொடியில் குறுக்கே போய் அணைத்து நிறுத்த வேண்டும். தாமதித்தால் அடுத்த குத்து. சீக்கிரம் நிறுத்தினால் கூட்டம் கத்தும், கோச் துண்டை வீசி எறிவார். எனக்கு ஒரு முறை அப்படி நடந்தது, எட்டு எண்ணி முடித்தபின் நடுவர் என் முகத்தைக் கையால் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு நிறுத்தினார். ரிங்கிலேயே அழுதேன், கோபத்தில். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது தட்டு இரண்டாகத் தெரிந்தது. அந்த நடுவரிடம் ஒரு நன்றி சொல்லவில்லையே என்று இன்றும் இருக்கிறது.

அடி வாங்குகிறவன் எந்த இடத்தில் போதும் என்று சொல்ல முடியாமல் போகிறான் என்பதைப் பார்த்துப் பார்த்து வந்தவர் பென் பிரில். அவர் கையில் விசில் இருந்ததைவிடச் சரியான இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

பழைய பேப்பர்:

குத்துச்சண்டை நடுவர் விசில் ஊத மாட்டார் தம்பி, அதையும் சொல்லிவிடுகிறேன். "நிறுத்து", "பிரி", "தொடர்" என்று வாயால் சொல்வதுதான். 

இடதுகை ஜாப்:

சரியாகச் சொன்னீர்கள் ஐயா, விசில் கிடையாது. வேகத்தில் எழுதிவிட்டேன்.

கணக்கப்பிள்ளை:

முதலில் கேட்டதற்கு நானே இப்போது பதில் எழுதுகிறேன். விளையாட்டுக் காரணம் இருக்கிறது. 16 வயதில் ஒலிம்பிக் காலிறுதி, எட்டு தேசியப் பட்டம், மக்கபியா தங்கம், அப்புறம் சர்வதேச நடுவர். இதில் எந்த உருக்கமும் சேர்க்காமலேயே ஒரு முழு விளையாட்டு வாழ்க்கை இருக்கிறது. நான் ஒலிம்பிக் பதக்கப் பட்டியலை மட்டும் பார்த்தேன். அந்தப் பட்டியலில் யார் வரலாம் என்பதை வேறு ஆட்கள் தீர்மானித்த வருஷங்கள் அவை.

ஆம்ஸ்டல் கரை, நீங்கள் அந்த ஊரில் இருப்பதாகத் தெரிகிறது. அவருக்கு அங்கே நினைவிடம் ஏதாவது இருக்கிறதா?

ஆம்ஸ்டல் கரை:

இருக்கிறேன், ஆறு வருஷமாக. அவர் பெயரில் ஆண்டுதோறும் ஒரு குத்துச்சண்டை இரவு நடக்கிறது, கார்ரே தியேட்டரில். 1887-இல் சர்க்கஸுக்காகக் கட்டிய கட்டடம், ஆம்ஸ்டல் ஆற்றங்கரையில். நடுவில் ரிங் போட்டால் வட்டமாக மேலே மேலே இருக்கைகள், சர்க்கஸ் கூடாரத்தில் குதிரை ஓடிய இடத்தில் கயிறு கட்டியிருப்பார்கள். ஒரு முறை போனேன். அன்றைக்கு முதல் சண்டையில் ஏறிய பையன் கயிற்றுக்குள் நுழையும்போது கால் தடுக்கி விழப்பார்த்தான், கூட்டம் கைதட்டித் தைரியம் கொடுத்தது. பென் 2003 செப்டம்பர் 11-இல் 91 வயதில் இறந்தார். அந்த ஊரிலேயே பிறந்து அந்த ஊரிலேயே.

இன்னொரு இடத்துக்கும் இந்த இழைக்காகவே நேற்று போய் வந்தேன். வேஸ்பர் தெருவில் 2021-இல் திறந்த பெயர்ச் சுவர், நாஜிகளால் கொல்லப்பட்டவர்களின் நினைவாக. செங்கல் செங்கலாக அடுக்கியது, ஒரு செங்கலுக்கு ஒரு பெயர், பிறந்த தேதி, இறந்தபோது வயது. 1,02,000-க்கும் மேல். அகர வரிசையில் இருப்பதால் தேடுவது சுலபம். பிரில் என்ற பெயர் வரும் இடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எத்தனையோ செங்கல். அதில் யார் யார் பென்னுடைய சொந்தம் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை, அந்தக் குடும்பப் பெயர் அங்கே நிறையப் பேருக்கு உண்டு. சில செங்கலில் வயது 3, 5 என்று இருக்கிறது.

மழை பெய்து செங்கல் ஈரமாக இருந்தது. பக்கத்தில் ஒரு கிழவி விரலால் ஒரு பெயர்மேல் தண்ணீரை வழித்து விட்டுக்கொண்டிருந்தார். நானும் பிரில் வரிசையில் கீழிருந்த நாலைந்து செங்கலை அதேபோல் வழித்துவிட்டு வந்தேன். பென் பெயர் அங்கே இல்லை. அவர் திரும்பி வந்தவர்.